யாருடைய பந்தி?
சேரன்மாதேவிக் குருகுலம் முதல் நம் சங்க விருந்து வரை

சென்னையிலிருந்து கப்பலில் வந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாகவே தெரியும். பங்க் வகுப்பில் இடம் பிடித்து, மூட்டை முடிச்சுகளைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தால் முதல் நாள் வயிற்றைப் புரட்டும்; இரண்டாம் நாள் நல்ல பசி எடுக்கும். "டோக்கன் வாங்கியாச்சா? வாங்க, கூட்டம் வர்றதுக்குள்ள சாப்பிட்டு வந்துடலாம்" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் கூப்பிடுவார். அவர் எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரிக்கிற நிலையில் நாம் இருப்பதில்லை. தட்டை ஏந்தி வரிசையில் நின்று, முன்னால் நிற்பவர் வாங்கிய அதே கரண்டிச் சோற்றை வாங்கி, ஆடுகிற மேசையில் முழங்கை இடிபட உட்கார்ந்து உண்கிறோம். ஏறக்குறைய மூன்று நாள் இப்படித்தான். கடல் நம் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது.

கரை இறங்கிய பிறகு அந்தப் பந்தி என்ன ஆகிறது? இக்கட்டுரை கேட்க விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொங்கல் விழா. ஏற்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன். தலைவாழை இலை, சாம்பார், ரசம், அவியல், வடை, பாயசம். கூடத்தின் வாசலில் "தமிழர் பாரம்பரிய உணவு" என்று பதாகை. எல்லாம் சிறப்பாகவே நடந்தது. கை கழுவும் இடத்தில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? எங்க வீட்டுல தினமும் மீன்தான். ஞாயித்துக்கிழமைன்னா கறி. அதெல்லாம் தமிழர் பாரம்பரியத்துல வராதா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "விழான்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள் போன பிறகுதான் என் பதில் எனக்கே உறுத்தியது. "பொது" என்ற அந்தச் சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன்? யாருக்குப் பொது? அந்த உறுத்தலின் விளைவே இந்த எழுத்து.

கணக்கில் இல்லாத சாதி

முதலில் நம் தீவின் நிலையைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் 3,80,581 பேர். அவர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 15 விழுக்காடு. வங்காளிகளுக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் நமக்கு. அதே கணக்கெடுப்பில் இன்னொரு கட்டமும் உண்டு: பட்டியல் சாதியினர் எண்ணிக்கை. அதில் சுழியம். இந்த ஒன்றியப் பகுதிக்கெனப் பட்டியல் சாதிகள் எவையும் அறிவிக்கப்படாததே அதற்குக் காரணம்.

இதைக் காட்டி, "பாருங்க, இங்க சாதியே கிடையாது" என்று பெருமை பேசுகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பெருமைக்கு ஓரளவு வரலாற்று நியாயமும் இருக்கிறது. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து இங்கே தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினார். அதன்பின் வந்த கைதிகள் விடுதலையாகி, சாதி பாராமல், சில வேளை மதமும் பாராமல் மணந்து பெற்ற பிள்ளைகளின் வழியினரைத்தான் நாம் இன்றும் 'லோக்கல் பார்ன்' என்கிறோம். யார் வீட்டில் யார் உண்பது என்ற கணக்கு அவர்கள் அடுப்படியில் பெரிதும் கரைந்துபோயிற்று.

ஆனால் நாம் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவர்கள் அல்லர். வேலைக்கும் வியாபாரத்துக்கும் பின்னாளில் வந்தவர்கள். வரும்போது ஊரையும் கூடவே கட்டிக்கொண்டு வந்தோம். கணக்கெடுப்பில் சாதிக்குக் கட்டம் இல்லாவிட்டாலும் கல்யாணப் பேச்சில் இருக்கிறது. விருந்துக்குச் சமையல் ஆள் பார்க்கும்போதும் இருக்கிறது. "நல்ல ஆளா பாத்துப் போடுங்க", "சுத்தமான கை" என்று நாம் பேசிக்கொள்ளும்போது, அந்த 'நல்ல'வுக்கும் 'சுத்த'த்துக்கும் என்ன பொருள் என்று யாரும் விளக்குவதில்லை. எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பட்டியலே இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இல்லை, கேள்வியும் இல்லை. வழக்கம் மட்டும் இருக்கிறது.

சேரன்மாதேவி சொல்லும் பாடம்

'பொது' என்ற சொல் தமிழகத்தில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது ஒரு கல்விக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான். நூறாண்டு கடந்த கதை. எனினும் இன்றைக்கும் நாம் அதைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் எண்ணம்.

வ.வே.சு. ஐயர் சாதாரண மனிதர் அல்லர். இலண்டன் இந்தியா ஹவுஸில் சாவர்க்கரின் தோழர். சாவர்க்கர் 1911-இல் நம் செல்லுலார் சிறைக்கு வந்து சேர்ந்தார். ஐயரோ பிடிபடாமல் தப்பி 1910-லேயே புதுச்சேரி சேர்ந்துவிட்டார். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர். அத்தகையவர் நெல்லைச் சீமையில் பொருநைக் கரையோரம் சேரன்மாதேவியில் ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். தேசியக் கல்வி, உடலுழைப்பு, தாய்மொழி என்பன அதன் குறிக்கோள்கள். தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்பி, முதல் தவணையாக ஐயாயிரம் கொடுத்தது.

அங்கே இரண்டு பிராமண மாணவர்கள் தனியே உண்டார்கள். பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஐயர் அதற்கு இடம் கொடுத்திருந்தார். செய்தி வெளியே வந்ததும் தமிழகம் கொதித்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் எழுதினார். காங்கிரஸில் பொறுப்பில் இருந்த ஈ.வெ. ராமசாமி, பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப் பந்தி எதற்கு என்று கேட்டார். காந்தியடிகளிடம் விஷயம் போயிற்று. சேர்ந்துவிட்ட இரு பிள்ளைகளின் வழக்கத்துக்கு இடம் கொடுத்து, இனிமேல் சேர்ப்பவர்கள் பொதுப் பந்தியில் உண்ண வேண்டும் என்பதாகவே அவர் யோசனை இருந்தது. 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்கள் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிர் நீத்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

இந்த வரலாற்றை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகச் சொல்கிறோம். ஒரு சாரார் ஐயரைச் சாதி வெறியராகச் சித்தரிப்பார்கள். மறு சாரார், "ரெண்டே ரெண்டு பசங்க, அதுக்குப் போய் இவ்வளவு பெரிய கலாட்டாவா?" என்பார்கள். இரண்டுமே மேலோட்டமான வாசிப்பு.

ஐயர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்திருந்தால் இந்நிகழ்ச்சியில் நமக்குப் பாடமே இல்லை. கெட்டவரைக் கண்டித்துவிட்டுப் போய்விடலாம். நல்லவர், கற்றவர், நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர் ஒருவர், யார் மனமும் கோணக்கூடாது என்று ஒரு சிறு சலுகை கொடுத்தார் என்பதே இதன் சாரம். அந்தச் சலுகையின் விலையை யார் கொடுத்தார்கள்? தனியே உண்ட இருவரா? இல்லை. பொதுப் பந்தியில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகள். 'நம் பக்கத்தில் அமர்ந்தால் அவர்களுக்கு ஆகாது' என்ற செய்தியை அந்தப் பிள்ளைகள் நாள்தோறும் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்கள். அவர்கள் மனம் கோணுமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே "எண்ணிக்கை இரண்டுதானே" என்ற வாதம் நிற்காது. ஒரே அறையில் ஒரு தனி இலை போட்டாலே மீதி இலைகள் எல்லாம் தாழ்ந்துவிடுகின்றன. வேறு உணவு வேண்டும் என்பது நாக்கின் விருப்பம். வேறு பந்தி வேண்டும் என்பது பக்கத்தில் இருப்பவர்மீது சொல்லும் தீர்ப்பு. 1925-ஆம் ஆண்டுத் தீர்மானம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. அதுவே அதன் பெருமை.

இரண்டு நூல்கள், இரண்டு பொட்டலங்கள்

பந்தியைப் பற்றிச் சொன்னேன். இனி இலையில் என்ன விழுகிறது என்பதற்கு வருவோம்.

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் குடிபோன தமிழ்ப் பெண்கள் பலரின் பெட்டியில் இருந்த நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-இல் வெளிவந்தது. அளவும் பக்குவமும் அவ்வளவு திருத்தமாக எழுதப்பட்ட சமையல் நூல் அதற்கு முன் தமிழில் அரிது. தாயை விட்டுத் தூரம் போன பெண்ணுக்கு அது தாய் மாதிரி. அதை நான் குறை சொல்லவில்லை; அவர் தம் வீட்டுச் சமையலை நேர்மையாக எழுதினார். ஆனால் ஒரு பிராமண வீட்டு மரக்கறிச் சமையல், அச்சேறிய காரணத்தாலேயே, காலப்போக்கில் 'தமிழ்ச் சமையல்' என்ற பெயரையும் பெற்றுவிட்டது. கருவாட்டுக் குழம்புக்கும் நண்டு ரசத்துக்கும் குடல் கறிக்கும் பக்குவம் சொல்லத் தெரிந்த கைகளிடம் அன்று பேனாவும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. எழுதப்பட்டது பாரம்பரியம் ஆயிற்று. எழுதப்படாதது வெறும் வீட்டுச் சாப்பாடு ஆயிற்று. எங்கள் விழாப் பதாகையின் மூலம் இதுதான்.

இன்னொரு நூல் பாமாவின் 'கருக்கு'. 1992-இல் வந்தது. அதில் ஒரு காட்சியைப் படித்தவர் மறக்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், அதைக் கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு அண்ணன் விளக்குகிறார்: கை பட்டால் தீட்டு. அந்தச் சிரிப்பு அங்கேயே செத்துவிடுகிறது.

இந்த இரு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒன்று, கை எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்கிறது. மற்றொன்று, எந்தக் கை உணவைத் தொடலாம் என்ற சட்டத்தைக் காட்டுகிறது. முதல் நூலை மட்டும் வைத்துக்கொண்டு தமிழர் உணவைப் பற்றிப் பேசினால், பாதி அடுப்பு அணைந்தே கிடக்கும்.

இன்றைய வளாகங்களில்

"அதெல்லாம் பழைய கதை சார், இப்ப யார் பாக்கிறா?" என்று கேட்பவர்களுக்குச் சில செய்திகள்.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் உணவகம் ஒன்றில் சைவ மாணவர்களுக்குத் தனி வாசல், அசைவ மாணவர்களுக்குத் தனி வாசல், கை கழுவும் தொட்டியும் தனித்தனி என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டது. 2023-இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சைவம் உண்பவர்களுக்கு மட்டும் என்று சில மேசைகள் ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து அங்கே அமர்ந்து அசைவம் உண்ட மாணவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். தட்டில் என்ன இருக்கிறது என்பதல்ல, யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதே இங்கும் வழக்கு. சேரன்மாதேவி ஐ.ஐ.டி. வரைக்கும் வந்துவிட்டது.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் சர்ச்சை எழுந்தது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவே ஒத்திவைக்கப்பட்டது. ஆம்பூரில் அந்தப் பிரியாணியை உண்பவர்கள் ஏராளம் என்பது ஊரறிந்தது. 'பொது' விழாவில் மட்டும் அது ஆகாததாகிவிட்டது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் பழக்கத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தியதில் தமிழகத்துக்கு ஈடு குறைவு. 1920-இல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தந்தது. 1956-இல் காமராசர் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று அது வளர்ந்தது. அப்படியும் 2023-இல் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர்ப் பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பேச வேண்டியதாயிற்று. அரசாங்கம் சோறு போடலாம். அந்தச் சோற்றை எப்படிப் பார்ப்பது என்பதைப் பேசித்தான் மாற்ற வேண்டும்.

நம் அண்டை வீட்டார் மலையாளிகளுக்கு இதில் முன்னுதாரணம் உண்டு. 1917 மே மாதம் செறாயியில் சகோதரன் அய்யப்பன் பல சாதியினரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கலப்பு விருந்து நடத்தினார். அதற்காகத் தம் சொந்தச் சமூகத்தாராலேயே ஒதுக்கப்பட்டார். விருந்து ஒரு வேளைதான்; அது எழுப்பிய பேச்சு தலைமுறைகளுக்கு நீண்டது.

நம் இலையில் இல்லாதவர்கள்

இத்தீவில் பேச்சை நம் சாதிகளோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கச்சால் தீவை நினைத்துப் பாருங்கள். 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அவர்கள் லயத்து உணவு. அதை நம் விழா இலையில் நான் கண்டதில்லை. அவர்களும் தமிழர்தாமே?

அதே கச்சாலில் நிக்கோபார் மக்களின் தாழம்பழமும் தேங்காயும் பன்றி இறைச்சியும் விருந்துக்குரிய உணவுகள். பன்றி அவர்களுக்குச் சொத்து, சடங்கு, மரியாதை. நம்மவர்கள் சிலர் அதைச் சொல்லும்போது முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தென்னந்தோப்புகளும் பன்றிகளும் போயின. நிவாரணமாக அவர்கள் கைக்கு வந்தது நம் அரிசியும் பருப்பும். நன்மை செய்யும்போதும் நம் உணவே 'பொது' உணவாகிவிடுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஊரில் ஒருவன் உணவைத் தாழ்த்திய அதே சுளிப்புத்தான் இங்கே இன்னொருவன் உணவைத் தாழ்த்துகிறது.

என்ன செய்யலாம்?

சங்க விருந்தில் மரக்கறியே கூடாது என்பது என் வாதம் அன்று. எல்லோராலும் உண்ண முடிந்தது என்ற வகையில் மரக்கறிச் சாப்பாடு வசதியானதே. சைவம் உண்பவருக்கு அவர் விரும்பிய உணவு கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் வசதிக்காகத் தேர்ந்ததை 'பாரம்பரியம்' என்று பெயரிட்டுப் பதாகை கட்டினால், மற்ற அடுப்புகளை நாமே வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். நான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது அதைத்தான்.

நடைமுறையில் மூன்று சிறு காரியங்கள். முதலாவது, இங்குள்ள ஜவஹர்லால் நேரு கல்லூரி 1967 முதல் நம் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. அத்தகைய வளாகங்களில் படிக்கும் நம் மாணவர்களையும் சங்கத்துப் பெரியவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எதிரெதிரே உட்கார வைத்து உணவைப் பற்றிப் பேசவிட வேண்டும். பட்டிமன்றம் வேண்டாம், அதில் கைதட்டல்தான் மிஞ்சும். அவரவர் வீட்டில் என்ன சமைப்பார்கள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினார்கள், எந்தப் பாத்திரத்தை மறைத்து வைத்தார்கள் என்று சொல்லட்டும். பெரியவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும்.

இரண்டாவது, மலரில் சமையல் குறிப்புப் பக்கம் போடும்போது, சூரை மீன் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் ரத்தப் பொரியலும், சமைத்தவர்களின் ஊர்ப்பேச்சிலேயே அச்சேறட்டும். அச்சேறியதுதான் பாரம்பரியம் ஆகிறது என்று மேலே பார்த்தோமே.

மூன்றாவது, கொஞ்சம் கடினமானது. சமையலுக்கு ஆள் பார்க்கும்போது 'நல்ல கை' என்றால் என்ன என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பவருக்குச் சங்கடம்தான். பந்தி நடக்கட்டும், யார் மனமும் கோண வேண்டாம் என்றுதான் வ.வே.சு. ஐயரும் நினைத்தார்.

அந்தப் பெண்ணை அடுத்த வருடம் மறுபடி பார்த்தேன். "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லலம்மா" என்றேன். "பரவால்ல அங்கிள், இந்த வருஷம் எங்கம்மாவ ஒரு குழம்பு வைக்கச் சொல்லட்டுமா?" என்றாள். குழுவில் வைத்துப் பேசினோம். இரண்டு பேர் எதிர்த்தார்கள். ஒருவர் விருந்துக்கே வரவில்லை. குழம்பு வந்தது. சைவம் உண்பவர்களும் அதே வரிசையில், அதே இலையில் தங்கள் சாம்பாரோடு உட்கார்ந்தார்கள். பதாகையில் 'பாரம்பரிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு, "நம் வீட்டுச் சாப்பாடு" என்று எழுதியிருந்தோம்.

வராத அந்த நண்பர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய இலை காத்திருக்கிறது; ஆனால் அதே வரிசையில்.